புது கல்லீரல், பழைய வைரஸ்: உறுப்பு மாற்றுக்குப் பின் கூட்டு மருந்து ஏன் தேவைப்படுகிறது?

ஹெபடைட்டிஸ் சி வைரஸால் கல்லீரல் கெட்டுப்போன ஒருவருக்கு மாற்றுக் கல்லீரல் வைக்கிறார்கள். கெட்ட கல்லீரலை முழுதாக வெளியே எடுத்தாயிற்று. வைரஸ் பெருகிக்கொண்டிருந்த இடமே உடம்பில் இல்லை. அப்படியானால் நோயும் அதோடு போயிருக்க வேண்டும் அல்லவா? போவதில்லை. புதுக் கல்லீரலுக்குள் ரத்தம் பாயத் தொடங்கிய சில மணி நேரத்திலேயே, ரத்தத்தில் மிச்சமிருந்த வைரஸ் அதன் செல்களுக்குள் புகுந்துவிடுகிறது. பழைய கல்லீரலை எடுத்ததும் மளமளவென்று இறங்கும் வைரஸ் அளவு, பலருக்கு ஒரு வாரத்துக்குள் பழையபடி ஏறிவிடும். அறுவை சிகிச்சை நாளன்று ரத்தத்தில் வைரஸ் இருந்தால், புதுக் கல்லீரலுக்கும் தொற்று வரும். இதற்கு விதிவிலக்கு அநேகமாக இல்லை.

யாரோ ஒருவருடைய குடும்பம், துக்கத்தின் நடுவில் நின்றுகொண்டு சம்மதித்துக் கொடுத்த உறுப்பு அது. அல்லது மகளோ மனைவியோ தன் வயிற்றைக் கிழித்துக் கொடுத்த பாதிக் கல்லீரல். அதை அதே வைரஸ் மறுபடி தின்பதை டாக்டர்கள் இருபது வருடங்களுக்கு மேல் கையைப் பிசைந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. அதை மாற்றியது ஒரு தனி மருந்தில்லை, சரியாகத் தேர்ந்தெடுத்த மருந்துக் கூட்டணி. எந்த மருந்தோடு எந்த மருந்தைச் சேர்ப்பது, எதைச் சேர்க்கக் கூடாது என்பதைக் கற்றுக்கொள்ள எடுத்த காலம்தான் இந்தக் கதையின் பெரும்பகுதி.

சாதாரணமாக இந்த வைரஸ் ஒரு கல்லீரலைச் சுருங்கவைக்க இருபது, முப்பது வருடம் எடுத்துக்கொள்ளும். மாற்றுக் கல்லீரலில் அந்தக் கணக்கு செல்லாது. மருந்து பலிக்காத அந்தக் காலத்தில், தொற்று திரும்பியவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேருக்கு ஐந்தே வருடத்தில் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நிலை, வந்துவிட்டது. காரணம், உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், ஸ்டீராய்டு போன்ற மாத்திரைகள். அவை எதிர்ப்பு சக்தியை அடக்கிவைக்கின்றன. அடங்கிய எதிர்ப்பு சக்தி புது உறுப்பை விட்டுவைக்கும், கூடவே வைரஸையும் விட்டுவைக்கும்.

இதன் கொடூரமான வடிவம் ஒன்று உண்டு. சிறு பங்கு நோயாளிகளுக்கு, மாற்று நடந்த முதல் சில மாதங்களிலேயே வைரஸ் அளவு கோடிக்கணக்கில் ஏறும். பித்தநீர் கல்லீரலுக்குள்ளேயே தேங்கும். மஞ்சள் காமாலை நாளுக்கு நாள் கூடும், கல்லீரலில் நார்த்தழும்பு படரும். மருந்து இல்லாவிட்டால் பெரும்பாலானோர் ஒரு வருடம் தாண்டுவதே அரிதாக இருந்தது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. மாற்றுக்குப் பிறகு ஒருவருக்குக் கல்லீரல் என்சைம்கள் ஏறினால், அது வைரஸின் வேலையா, உடம்பு உறுப்பை நிராகரிக்கும் வேலையா என்று உறுதியாகச் சொல்வது கடினம். பயாப்ஸி எடுத்துப் பார்த்தாலும் இரண்டும் பல நேரங்களில் ஒன்றுபோலவே தெரியும். நிராகரிப்பு என்று நினைத்து ஸ்டீராய்டை ஊசியில் ஏற்றினால், உண்மையில் வைரஸாக இருக்கும் பட்சத்தில் அது கட்டறுத்துப் பெருகும். வைரஸ் என்று நினைத்து அடக்கு மருந்தைக் குறைத்தால், உண்மையில் நிராகரிப்பாக இருந்தால் உறுப்பே போய்விடும். எந்தப் பக்கம் தவறினாலும் விலை கொடுப்பது அந்தக் கல்லீரல்தான்.

முதல் கூட்டு மருந்து இன்டர்ஃபெரானும் ரிபாவிரினும். வாரம் ஒரு ஊசி, தினமும் மாத்திரை, பெரும்பாலும் 48 வாரம். இன்டர்ஃபெரானின் வேலையே உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்புவது. மாற்று உறுப்பு உள்ளவருக்கோ அதே எதிர்ப்பு சக்தியைத் தூங்கவைக்க வேளை தவறாமல் மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே உடம்புக்குள் நேர் எதிரான இரண்டு உத்தரவுகள். விளைவு எதிர்பார்த்ததுதான்: சிலருக்கு உறுப்பு நிராகரிப்பு கிளம்பியது. சிறுநீரக மாற்று செய்தவர்களுக்கு அந்த அபாயம் இன்னும் அதிகம் என்பதால், அவர்களுக்கு இன்டர்ஃபெரானைத் தொடவே பல டாக்டர்கள் தயங்கினார்கள்.

ரிபாவிரின் வேறு விதத்தில் படுத்தியது. அது சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையைக் கொண்டுவரும். அது சிறுநீர் வழியாக வெளியேற வேண்டிய மருந்து. டாக்ரோலிமஸ் வருடக்கணக்கில் சாப்பிட்டால் சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். தளர்ந்த சிறுநீரகம் ரிபாவிரினை வெளியேற்றாமல் தேக்கிவைக்கும், ரத்தசோகை இன்னும் மோசமாகும். அளவைக் குறைத்தால் வைரஸ் திரும்பும். இத்தனை பாடுபட்டும் குணமானவர்கள் சுமாராகப் பத்துக்கு மூன்று பேர்தான்.

வைரஸின் உள்வேலை தெரிந்த பிறகுதான் வழி திறந்தது. ஹெபடைட்டிஸ் சி வைரஸை 1989-ல் அடையாளம் கண்டார்கள். அந்தக் கண்டுபிடிப்பின் பல கட்டங்களுக்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹாட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரஸின் மரபுச் செய்தி சுமார் 9,600 எழுத்து நீளமுள்ள ஒற்றை ஆர்என்ஏ இழை. செல்லுக்குள் போனதும் அது சுமார் 3,000 அமினோ அமிலம் கொண்ட ஒரே நீளப் புரதமாக உருவாகி, பிறகு பத்துத் துண்டுகளாக வெட்டப்படுகிறது. வெட்டும் வேலையின் பெரும்பகுதியைச் செய்வது என்எஸ்3 என்ற நொதி. புது ஆர்என்ஏ-வைப் படியெடுப்பது என்எஸ்5பி. இரண்டுக்கும் இடையில் என்எஸ்5ஏ என்று ஒரு புரதம். அதற்கு நொதி வேலை எதுவும் கிடையாது, ஆனால் படியெடுக்கவும் புது வைரஸைக் கட்டவும் அது இல்லாமல் முடியாது. இன்றைய மாத்திரைகள் எல்லாமே இந்த மூன்றில் ஒன்றைத்தான் குறிவைக்கின்றன.

மூன்றில் ஒன்றை முழுதாக அடைத்தாலே வைரஸ் பெருக முடியாதே, பிறகு எதற்கு இரண்டு மூன்று மருந்து என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் எண்களில் இருக்கிறது. நாள்பட்ட தொற்று உள்ள ஒருவர் உடம்பில் தினமும் சுமார் ஒரு லட்சம் கோடி புது வைரஸ்கள் உருவாகின்றன. படியெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது. பத்தாயிரத்திலிருந்து ஒரு லட்சம் எழுத்துக்குள் ஓர் எழுத்து தப்பும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: 9,600 எழுத்துகளில் எந்த ஒன்று மாறினாலும் உண்டாகக்கூடிய எல்லா வகை வைரஸும் அந்த உடம்பில் தினமும் பிறந்துகொண்டேயிருக்கும். ஆக, மருந்தை வாயில் போடுவதற்கு முன்பே அந்த மருந்துக்கு அடங்காத வைரஸ் உள்ளே காத்திருக்கிறது. மருந்து அதை உருவாக்குவதில்லை. மற்றதையெல்லாம் அழித்து, அதற்கு இடம் காலி செய்து கொடுக்கிறது.

ஒரு மருந்துக்கு அடங்காத வைரஸ் பத்தாயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். வேறு இடத்தைத் தாக்கும் இன்னொரு மருந்துக்கு அடங்காததும் பத்தாயிரத்தில் ஒன்று. இரண்டுக்கும் ஒருசேர அடங்காதது பத்துக் கோடியில் ஒன்றாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட இரட்டை மாற்றம் உள்ளவை பெரும்பாலும் நோஞ்சான்கள், சரியாகப் பெருகத் தெரியாதவை. வேறு வேறு இடத்தைத் தாக்கும் மருந்துகளைச் சேர்ப்பதன் முதல் பலன் இதுதான். வைரஸைப் பலமாக அடிப்பதைவிட, அது தப்பிக்கும் வழியை அடைப்பது.

என்எஸ்5ஏ-வைத் தாக்கும் டக்லாடஸ்விர் பற்றி 2010-ல் வெளியான முடிவுகள் இதை அப்படியே காட்டின. ஒரே ஒரு வேளை மாத்திரை, 24 மணி நேரத்தில் ரத்தத்தில் வைரஸ் அளவு சராசரியாக ஆயிரம் மடங்குக்கு மேல் இறங்கியது. அவ்வளவு வீரியமுள்ள மருந்தாக இருந்தும், தனியாகத் தொடர்ந்து கொடுத்தால் சில நாட்களிலேயே மருந்துக்கு அடங்காத வைரஸ் தலைதூக்கியது. என்எஸ்5ஏ-வில் அப்படி ஏற்படும் மாற்றங்கள் பல வருடம் உடம்பில் தங்கிவிடுகின்றன. முதல் முயற்சியே தப்பாகப் போனால், அடுத்த முயற்சிக்கு ஒரு ஆயுதம் குறைவு.

நியூசிலாந்தில் கல்லீரல் மருத்துவர் எட்வர்ட் கேன் நடத்திய ஆய்வின் முடிவு 2013-ல் வந்தது. அதில் சின்னதாக ஒரு குழு இருந்தது, பத்தே பேர். அவர்களுக்கு 12 வாரம், என்எஸ்5பி-யைத் தாக்கும் சோஃபோஸ்புவிர் மட்டும் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிடும்போது பத்து பேருக்கும் ரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்கு மறைந்துவிட்டது. நிறுத்திய பிறகு நான்கு பேருக்குத் திரும்பியது. அதே ஆய்வில் சோஃபோஸ்புவிரோடு ரிபாவிரினும் சாப்பிட்ட, அதற்கு முன் சிகிச்சையே எடுக்காத இரண்டாம், மூன்றாம் வகை வைரஸ் நோயாளிகள் அத்தனை பேரும் குணமானார்கள். சோஃபோஸ்புவிர் வைரஸால் எளிதில் ஏமாற்ற முடியாத மருந்து. அதை எதிர்க்கும் மாற்றம் வந்த வைரஸ் நொண்டியடித்துவிடும். ஆகவே திரும்பி வந்ததற்குப் பெரும்பாலும் அடங்காத வைரஸ் காரணமில்லை. எந்தப் பரிசோதனையிலும் தெரியாத அளவுக்கு எங்கோ கொஞ்சம் மிஞ்சியிருந்தது, அதுதான் திரும்ப முளைத்தது. கூட்டு மருந்தின் இரண்டாவது பலன் இந்த மிச்சத்தைத் துடைத்தெடுப்பது. இதனால்தான் மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு, பார்க்கிறார்கள். அப்போதும் வைரஸ் தென்படாவிட்டால்தான் குணம் என்று எழுதுவார்கள். மாத்திரை முடிந்த அன்று வரும் ‘நெகட்டிவ்’ ரிப்போர்ட்டுக்கு இனிப்பு வாங்கிக் கொடுக்க வேண்டாம், இன்னும் மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

சரி, வைரஸ் பக்கத்துக் கணக்கு புரிந்துவிட்டது. ஆனால் உறுப்பு மாற்று செய்தவர்களுக்கு இன்னொரு கணக்கும் சேர்ந்து சரியாக வேண்டும். அதை மறந்தால் என்ன ஆகும் என்பதை டெலாப்ரெவிர் கற்றுக்கொடுத்தது. என்எஸ்3 நொதியைத் தாக்கும் டெலாப்ரெவிரும் போசெப்ரெவிரும் அமெரிக்காவில் 2011 மே மாதம் அனுமதி பெற்றன. நேரடியாக வைரஸையே தாக்கும் முதல் மாத்திரைகள் இவைதான். டாக்ரோலிமஸை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியின் பெயர் சிஒய்பி3ஏ4. டெலாப்ரெவிர் அந்த நொதியை அப்படியே முடக்கிவிடும். ஆரோக்கியமானவர்களுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது, உடம்பில் டாக்ரோலிமஸின் மொத்த அளவு சுமார் 70 மடங்கு ஏறியது. சைக்ளோஸ்போரின் ஏறியது சுமார் நாலரை மடங்கு. மாற்று செய்த ஒருவருக்கு டாக்ரோலிமஸ் லெவல் இரண்டு மடங்கு ஏறினாலே கைநடுக்கம், சிறுநீரகக் கோளாறு என்று ஆரம்பிக்கும். 70 மடங்கு என்பது விஷம்.

அதற்காக விட்டுவிடவும் முடியவில்லை, வேறு மருந்தில்லையே. தினம் இரண்டு வேளை சாப்பிடும் டாக்ரோலிமஸை வாரத்துக்கு ஒன்று என்கிற அளவுக்குக் குறைத்து, ரத்தத்தை அடிக்கடி எடுத்துப் பார்த்துச் சமாளித்தார்கள். டெலாப்ரெவிரை நிறுத்தும் நாளில் எதிர்ப்பக்கத்து ஆபத்து. முடங்கிக் கிடந்த நொதி விழித்துக்கொள்ளும், டாக்ரோலிமஸ் லெவல் சரியும், அந்த நேரம் பார்த்து அளவைக் கூட்டாவிட்டால் நிராகரிப்பு வரும். இதோடு இன்டர்ஃபெரானும் ரிபாவிரினும் வேறு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வருடங்களில் சிகிச்சை பெற்றவர்கள் பட்ட பாட்டை நினைத்தால், இன்றைக்கு ஒரே மாத்திரையில் முடிவது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது புரியும்.

2013-ல் அமெரிக்காவிலிருந்து ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய மருத்துவ அறிக்கை வந்தது. கல்லீரல் மாற்றுக்குப் பிறகு, மேலே சொன்ன பித்தநீர் தேங்கும் கடுமையான வகை நோய் அவருக்குத் திரும்பியிருந்தது. இன்டர்ஃபெரான், ரிபாவிரின் எதுவும் இல்லாமல், சோஃபோஸ்புவிரும் டக்லாடஸ்விரும் மட்டும் 24 வாரம் கொடுத்தார்கள். நான்கே வாரத்தில் ரத்தத்தில் வைரஸ் தென்படாமல் போனது. மருந்தை நிறுத்திய பிறகும் திரும்பவில்லை. டாக்ரோலிமஸ் அளவைப் பெரிதாக மாற்றவேண்டிய அவசியமும் வரவில்லை, ஏனென்றால் இந்த இரண்டு மருந்தும் அந்த நொதியை முடக்குவதில்லை. ஒரு நோயாளியின் கதையை வைத்துப் பொது முடிவுக்கு வரக் கூடாதுதான். ஆனாலும் அப்படியொரு நோயில் அப்படியொரு குணம் அதுவரை மிக அரிது.

பிறகு ஆய்வுகள் வரிசையாக வந்தன. சோஃபோஸ்புவிர், டக்லாடஸ்விர், ரிபாவிரின் மூன்றையும் 12 வாரம் கொடுத்த ஆய்வில், மாற்றுக்குப் பின் தொற்று திரும்பிய 53 பேரில் 94 சதவீதம் பேர் குணமானார்கள். கிளெகாப்ரெவிரும் பிப்ரெண்டஸ்விரும் சேர்ந்த மாத்திரையைக் கல்லீரல் மாற்று செய்த 80 பேருக்கும் சிறுநீரக மாற்று செய்த 20 பேருக்கும் 12 வாரம் கொடுத்தார்கள். நூற்றுக்கு 98. பத்துக்கு மூன்று என்பதிலிருந்து இங்கே வந்து சேர சில வருடங்களே ஆயின.

எல்லோருக்கும் ஒரே கூட்டணி பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்த வைரஸில் பல வகைகள் உண்டு. இந்தியாவில் 3ஆம் வகைதான் அதிகம், தென்னிந்தியாவில் 1ஆம் வகையும் கணிசம். அமெரிக்காவில் 1ஆம் வகையை மனத்தில் வைத்து வந்த லெடிபஸ்விர், 3ஆம் வகையிடம் சரியாக வேலை செய்யாது. நமக்கு சோஃபோஸ்புவிர்-டக்லாடஸ்விர், பிற்பாடு எல்லா வகைக்கும் பொதுவாக வந்த சோஃபோஸ்புவிர்-வெல்படஸ்விர், இவைதான் கைகொடுத்தன. கல்லீரல் ரொம்பவும் தளர்ந்து, வயிற்றில் நீர் கோத்த நிலையில் இருப்பவர்களுக்கு ரிபாவிரின் இன்னும் தேவைப்படுகிறது. 2015-ல் வந்த ஓர் ஆய்வில், அப்படிப்பட்டவர்களுக்கு சோஃபோஸ்புவிர்-வெல்படஸ்விர் மட்டும் 12 வாரம் கொடுத்தபோது 83 சதவீதமும், ரிபாவிரின் சேர்த்தபோது 94 சதவீதமும் குணமானார்கள். 3ஆம் வகைக்காரர்களில் வித்தியாசம் இன்னும் பெரிது: பாதிப் பேர் என்பது 85 சதவீதமானது. ஆள் எண்ணிக்கை குறைவுதான், ஆனால் காட்டும் திசை தெளிவு. இத்தனை பக்கவிளைவு உள்ள பழைய மருந்தை இன்னும் ஒதுக்க முடியாததற்கு இதுதான் காரணம். இந்த நிலையில் இருப்பவர்களுக்கு கிளெகாப்ரெவிர் போன்ற என்எஸ்3 மருந்துகளைக் கொடுக்கவே கூடாது என்பதும் முக்கியம். தளர்ந்த கல்லீரலை அவை இன்னும் கெடுத்துவிடலாம்.

விலையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. சோஃபோஸ்புவிர் அமெரிக்காவில் 2013 டிசம்பரில் வந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர், 12 வாரத்துக்கு 84,000 டாலர். அதுவும் கூட்டணியில் ஒரு மருந்துக்கு மட்டும். அதைத் தயாரித்த கிலியட் நிறுவனம் 2014 செப்டம்பரில் ஏழு இந்திய நிறுவனங்களுக்குத் தயாரிக்க உரிமம் கொடுத்தது. 2015-ல் இங்கே 28 மாத்திரை கொண்ட ஒரு புட்டி சுமார் 20,000 ரூபாய்க்கு வந்தது, போட்டி கூடக் கூட அதுவும் இறங்கியது. 2018 ஜூலை 28 அன்று மத்திய அரசு தொடங்கிய தேசிய கல்லீரல் அழற்சித் தடுப்புத் திட்டத்தில் இந்த மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசம். லட்சக்கணக்கில் கடன் வாங்கி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இப்படியொரு திட்டம் இருப்பதே தெரியாமல் கைக்காசு போட்டு வாங்குகிறவர்களும் உண்டு. விசாரித்துக்கொள்ளுங்கள்.

மருந்து எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும் கவனம் வேறு பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. மாற்று செய்தவரின் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். காலை ஒரு வேளை, இரவு ஒரு வேளை டாக்ரோலிமஸ். மைகோஃபெனோலேட். பிரெட்னிசலோன். கிருமி வராமல் இருக்க கோட்ரைமாக்ஸசோல். ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின். வயிறு எரியாமல் இருக்க, காலையில் வெறும் வயிற்றில் பேன்டோபிரசோல். கடைசியாகச் சொன்ன இந்தச் சாதாரண மாத்திரைதான் இங்கே வில்லங்கம். வெல்படஸ்விர் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு சேர்ந்தால் அது சரியாக உடம்பில் சேராது. வயிற்று மாத்திரை கட்டாயம் வேண்டும் என்றால், வெல்படஸ்விர் சேர்ந்த மாத்திரையைச் சாப்பாட்டோடு சாப்பிட்டுவிட்டு, நான்கு மணி நேரம் கழித்து 20 மில்லிகிராம் ஒமெப்ரசோல் எடுக்கலாம் என்பது மருந்துக் குறிப்பில் உள்ள வழி. வயிற்றெரிச்சலுக்கு நாமே வாங்கிக் குடிக்கும் அமிலநீக்கி மருந்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இதை யாரும் சொல்லாவிட்டால் நோயாளிக்கு எப்படித் தெரியும்?

நம் ஊரில் இன்னும் பெரிய தடங்கல் காசநோய். எதிர்ப்பு சக்தி அடங்கியவர்களுக்குக் காசநோய் வருவது சகஜம், அதற்கு முதல் மருந்து ரிஃபாம்பிசின். அது மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் வேலையை முடுக்கிவிடும். சோஃபோஸ்புவிர், வெல்படஸ்விர், டக்லாடஸ்விர் எதையும் உடம்பில் நிற்கவிடாது, டாக்ரோலிமஸையும் சேர்த்துத்தான் வெளியேற்றும். இரண்டு நோயும் ஒரே சமயத்தில் இருந்தால் பொதுவாகக் காசநோய்ச் சிகிச்சையை முடித்துவிட்டு வைரஸுக்கு வருவார்கள், அல்லது ரிஃபாம்பிசின் இல்லாத வழியைத் தேடுவார்கள். வலிப்புக்குச் சாப்பிடும் ஃபெனிடாயின், கார்பமசெபின் மாத்திரைகளும் இப்படித்தான். இதயத் துடிப்புக்கான அமியோடரோனோடு சோஃபோஸ்புவிர் சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம் என்று 2015-ல் எச்சரித்தார்கள். ஹெபடைட்டிஸ் பி-யும் உள்ளே பதுங்கியிருந்தால், சி போனதும் பி கிளம்பக்கூடும் என்று 2016-ல் இன்னொரு எச்சரிக்கை வந்தது. அதனால் முதல் மாத்திரைக்கு முன்பே பி-க்கான ரத்தப் பரிசோதனை கட்டாயம். என்னைக் கேட்டால், மாற்று உறுப்பு உள்ளவருக்குக் கூட்டு மருந்து என்பது சீட்டில் புதிதாக எழுதும் இரண்டு பெயர்கள் மட்டுமில்லை. டப்பாவில் ஏற்கெனவே இருக்கும் பத்து மாத்திரைகளும் அந்தக் கூட்டணியில் உறுப்பினர்கள்தான்.

மருந்துகளைக் கூட்டிக்கொண்டே போனால் நல்லது என்ற எண்ணமும் தப்பு. சைட்டோமெகலோ வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரக மாற்றுக்குப் பிறகு அதிகம் தொந்தரவு கொடுப்பது இதுதான். இது டிஎன்ஏ வைரஸ், சி வைரஸ் அளவுக்கு வேகமாக மாறாது. பெரும்பாலானவர்களுக்கு கான்சிக்ளோவிர் ஊசியோ வால்கான்சிக்ளோவிர் மாத்திரையோ தனியாகவே போதும். கான்சிக்ளோவிரோடு ஃபோஸ்கார்னெட்டை, இரண்டையும் பாதி அளவாகச் சேர்த்துப் பார்த்த ஆய்வில் பலன் கூடவில்லை, பக்கவிளைவு கூடியது. இன்னொரு ஜோடி இன்னும் விசித்திரம். கான்சிக்ளோவிர் வேலை செய்யத் தொடங்க, வைரஸின் யுஎல்97 என்ற நொதிதான் அதை முதலில் தூண்டிவிட வேண்டும். 2021-ல் அனுமதி பெற்ற மரிபாவிர் அந்த யுஎல்97 நொதியையே முடக்கும் மருந்து. இரண்டையும் சேர்த்தால் ஒன்று மற்றதைச் செயலிழக்கச் செய்யும். தனித்தனியாக இரண்டும் நல்ல மருந்துதான், சேர்ந்தால் நஷ்டம்.

ஹெபடைட்டிஸ் பி-யில் கதை வேறு திசையில் போனது. பி வைரஸுக்கான லாமிவுடின் மாத்திரையை மட்டும் கொடுத்தபோது அடங்காத வைரஸ் வந்தது. பி வைரஸுக்கு எதிரான இம்யூனோகுளோபுலின் ஊசியை அதோடு சேர்த்தபோது, மாற்றுக் கல்லீரலில் தொற்று திரும்புவது 10 சதவீதத்துக்கும் கீழே வந்தது. ஊசி விலை அதிகம், வருடக்கணக்கில் போட வேண்டும். பிறகு வைரஸ் எளிதில் எதிர்க்க முடியாத என்டெகாவிர், டெனோஃபோவிர் வந்தன. இன்று பல மையங்களில் ஊசியைச் சீக்கிரமே நிறுத்திவிட்டு ஒரே மாத்திரையில் தொடர்கிறார்கள். தப்பும் வழியை ஒரு மருந்தே அடைத்துவிட்டால், இரண்டாவதற்கு வேலை இல்லை.

ஹெபடைட்டிஸ் சி-க்கு இப்போது இருக்கும் விவாதம், சிகிச்சையை மாற்று அறுவைக்கு முன் கொடுப்பதா, பின் கொடுப்பதா என்பது. முன்னாலேயே குணமாக்கினால் புதுக் கல்லீரலுக்குத் தொற்று வராது. சிலர் காத்திருப்போர் பட்டியலிலிருந்தே பெயர் நீக்கப்படும் அளவுக்குத் தேறியும் இருக்கிறார்கள். ஆனால் கல்லீரல் மிக மோசமாக இருப்பவருக்கு வைரஸ் மட்டும் போய், ரத்தப் பரிசோதனை எண்கள் கொஞ்சம் மட்டும் தேறினால், அந்த எண்களை வைத்து வரிசைப்படுத்தும் பட்டியலில் அவர் கீழே இறங்கிவிடுவார். உடம்போ உண்மையில் தேறியிருக்காது. கல்லீரலும் கிடைக்காது, நலமும் கிடைக்காது. அப்படிப்பட்டவருக்கு முதலில் மாற்று, பிறகு மருந்து என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பின்னால் கொடுத்தாலும் குணமாகும் என்பது இப்போது தெரிந்துவிட்ட விஷயம்.

இந்த நம்பிக்கைதான் இன்னொரு கதவையும் திறந்தது. போதை மருந்து அதிகமாகி இறக்கும் இளைஞர்கள் அமெரிக்காவில் பெருகியபோது, ஹெபடைட்டிஸ் சி இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் நல்ல சிறுநீரகங்கள் வீணாகிக்கொண்டிருந்தன. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், வைரஸ் இல்லாத பத்து பேருக்கு, அவர்கள் சம்மதத்தோடு, வைரஸ் உள்ள சிறுநீரகங்களைப் பொருத்தினார்கள். எல்பஸ்விர்-கிராசோப்ரெவிர் கூட்டு மாத்திரை கொடுத்தார்கள். பத்து பேருக்கும் தொற்று வந்தது, பத்து பேரும் குணமானார்கள். 2017-ல் அது வெளியானது. அடுத்து பாஸ்டனில் இதயம், நுரையீரல் மாற்றுகளில் சோஃபோஸ்புவிர்-வெல்படஸ்விரை அறுவை முடிந்த சில மணி நேரத்தில் தொடங்கி, நான்கே வாரத்தில் முடித்தார்கள். டொரோன்டோவில் இன்னும் சுருக்கினார்கள். கிளெகாப்ரெவிர்-பிப்ரெண்டஸ்விரோடு எசெட்டிமிப் சேர்த்து, அறுவைக்கு முன் ஒரு வேளை, பின் ஏழு நாள். எசெட்டிமிப் கொழுப்பைக் குறைக்கச் சாப்பிடும் சாதாரண மாத்திரை. கொழுப்பை உள்வாங்கும் அதே புரதத்தை, கல்லீரல் செல்லுக்குள் நுழைய வைரஸும் பயன்படுத்துகிறது. அதை அடைத்தால் நுழைவாசலும் அடைபடும். உறுப்பு பெற்ற 30 பேரில் ஒருவருக்குக்கூட நாள்பட்ட தொற்று தங்கவில்லை. உள்ளே நுழைவதை ஒன்று தடுக்க, நுழைந்ததன் இரண்டு வேலைகளை மற்ற இரண்டும் தடுக்க, 12 வாரச் சிகிச்சை எட்டு நாளானது. கூட்டு மருந்தின் தர்க்கத்தை இதைவிட அழகாகக் காட்டிய ஆய்வை நான் படித்ததில்லை.

குணமான பிறகு கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன. வைரஸ் போனதும் கல்லீரல் தேறும். தேறிய கல்லீரல் டாக்ரோலிமஸை முன்பைவிட வேகமாக உடைத்து வெளியேற்றும். அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் ரத்தத்தில் லெவல் இறங்கிவிடும். வைரஸ் போன மகிழ்ச்சியில் லெவல் பார்க்காமல் விட்டால் நிராகரிப்பு எட்டிப்பார்க்கும். சிகிச்சை நடக்கும்போதும், முடிந்த பிறகு சில மாதங்களும் டாக்ரோலிமஸ் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. சிரோசிஸ் ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் குறையும், முழுதாகப் போகாது. ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் தொடர வேண்டும்.

அப்புறம், இந்த வைரஸ் ஒரு முறை வந்து போனால் மறுபடி வராது என்றில்லை. சிறுநீரக மாற்று செய்தவர் அந்தச் சிறுநீரகமும் பழுதாகி டயாலிசிஸுக்குத் திரும்பினால், அங்கே திரும்பத் தொற்றலாம். சாதாரண ஆன்டிபாடி பரிசோதனை, குணமான பிறகும் பல வருடம் ‘பாசிட்டிவ்’ என்றே காட்டும். அதைப் பார்த்துவிட்டு நோய் திரும்பிவிட்டது என்று குடும்பம் பதறுவதும், வேறு ஊர் டயாலிசிஸ் மையத்தில் தனி மிஷினில் உட்காரவைப்பதும் நடக்கிறது. வைரஸ் இப்போது உடம்பில் இருக்கிறதா என்பதை ஆர்என்ஏ பரிசோதனை மட்டுமே சொல்லும். மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து எடுத்த அந்த வைரல் லோடு ரிப்போர்ட்டைப் பத்திரமாக ஃபைலில் வைத்துக்கொண்டு, எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் அதை எடுத்துக் காட்டுங்கள்.